மலைப் பாதையில் ஒரு கிழ மோட்டார்

மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரியை நோக்கிப் புறப்படும் சாலையைப் போல் பிரயாணிகளை ஏமாற்றும் சாலை தமிழ் நாட்டில் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகந்தான். முதல் சில கிலோமீட்டர் தூரத்துக்கு அது பரம சாதுவாக நடந்து கொள்கிறது. இரு புறமும் வானளாவி நிற்கும் பாக்குத் தோப்புகள். தோப்புகளுக்குள்ளே நடுப் பகலிலும் அந்தி நேரத்து இருட்டு. காற்றில் ஈர மண்ணின் வாசனை. "மலைப் பாதை என்று பயமுறுத்தினார்களே, இதுதானா?" என்று நாம் கேட்டு வாய் மூடுவதற்குள் கல்லாறு வந்து விடுகிறது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் சாலை தன் சாது வேஷத்தைக் கலைத்து விட்டு, மலையின் தோளில் தாவி ஏறத் தொடங்குகிறது.

அதற்குப் பிறகு குன்னூர் வரையில் ஏற்றத்தைத் தவிர வேறில்லை. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூரோ 1,700 மீட்டருக்கும் மேலே. முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்துக்குள் சுமார் 1,400 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் மேகம், மறு பக்கம் வெயில். பாறைகளிலிருந்து நூல் நூலாக வழியும் தண்ணீர். பர்லியாறு வந்ததும் சாலையோரத்தில் பலாவும் இன்னும் பல மலைப் பழங்களும் குவித்து வைத்த கடைகள். கண்ணுக்கு இது சொர்க்க லோகத்துப் பாதை. ஆனால் மோட்டார் யந்திரத்துக்கு இது பரீட்சை மண்டபம்.

இந்த மலையில் ஏறும் ரயிலைப் பார்த்தால் விஷயம் நன்றாக விளங்கும். 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகமண்டலம் வரையிலும் வந்து சேர்ந்த இந்த ரயில் பாதை 46 கிலோமீட்டர் நீளமுள்ளது. 16 குகைகளையும் 250 பாலங்களையும் அது கடக்கிறது. 2005-இல் யுனெஸ்கோ ஸ்தாபனத்தார் இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாகச் சேர்த்துக் கொண்டார்கள். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரையில் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வரிசை பதித்திருக்கிறது. என்ஜினின் பற்சக்கரம் அதைக் கவ்விக் கொண்டு ஏறுகிறது. முன்னால் நின்று இழுக்காமல், என்ஜின் வண்டித் தொடரின் கீழ்ப் புறத்தில் நின்று தள்ளுகிறது. இத்தனை ஏற்பாடு இருந்தும் அந்த என்ஜின் ஒரே மூச்சில் ஏறுவதில்லை. ஹில்குரோவ் போன்ற இடங்களில் நின்று, வயிறு நிறையத் தண்ணீர் குடித்து, இளைப்பாறி விட்டுத்தான் மேலே போகிறது. மலை ஏறுகிறவனுக்குத் தண்ணீர்தான் பிராணன் என்பது அந்தக் கிழ என்ஜினுக்குத் தெரியும். மோட்டார் வண்டியில் போகிற நாம்தான் அதை மறந்து விடுகிறோம்.

ஒரு சிறு கணக்குப் பார்க்கலாம். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள ஒரு காரை 1,400 மீட்டர் உயரம் தூக்குவதற்கு, அரை லிட்டருக்குச் சற்று அதிகமான டீசலில் அடங்கியுள்ள சக்தியே போதும். ஆனால் யந்திரம் அதைப் போல் மூன்று நான்கு மடங்கு எரிக்கிறது. எரிகிற எண்ணெயின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. மற்றதெல்லாம் வெறும் உஷ்ணம். அதில் ஒரு பாதி புகையோடு போய் விடும். மறு பாதியைச் சுமந்து கொண்டு போய் வெளியே கொட்டுகிற கூலியாள், யந்திரத்தைச் சுற்றி ஓடும் தண்ணீர். சமதரையில் காற்று வேகமாக முகத்தில் அடிக்கும். கூலியாளுக்கு வேலை சுலபம். மலையிலோ யந்திரம் முக்கி முனகுகிறது. வண்டி நத்தை போல் ஊர்கிறது. காற்று வீச்சும் குறைவு. வயதான வண்டியின் உடம்பில் ஏதேனும் ஒரு பலவீனம் ஒளிந்திருந்தால், அது வெளிப்படுகிற இடம் இதுதான்.

2023-ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு நாள் காலை நாம் இந்த வழியே போன வண்டி அப்படிப்பட்ட வயோதிக வண்டிதான். அதன் பெயரும் குலமும் இங்கே வேண்டாம். கோயமுத்தூரில் தினந்தோறும் வாடகைக்கு ஓடுகிற கார். அதன் கணக்குப் பெட்டி 3,40,000 கிலோமீட்டர் என்று காட்டியது. பூமியைச் சுற்றி வர 40,000 கிலோமீட்டர். ஆகவே இந்த வண்டி எட்டரை முறை பூப்பிரதட்சிணம் செய்திருக்கிறது! சந்திர மண்டலத்துக்குச் சராசரி தூரம் 3,84,000 கிலோமீட்டர். "இன்னும் 44,000 ஓடினால் சந்திரனுக்கே போய் விடலாம்" என்று நாம் சொன்னதும் டிரைவர் சிரித்தார். "சந்திரனுக்கு வேண்டாமுங்க. பொண்ணு நர்ஸ் படிப்பு முடிக்கிற வரைக்கும் ஓடினாப் போதும்" என்றார். அந்த வண்டி அவருக்குச் சொந்தம். அவருக்கு நிலம் நீச்சு இல்லை. வேறு வருமானமும் இல்லை. மகளின் படிப்புக்கு இன்னும் இரண்டு வருஷச் சம்பளம் கட்ட வேண்டியிருந்தது.

வண்டியில் நம்முடன் வந்தவர்கள் மாப்பிள்ளையின் தாய்மாமனும் அவருடைய மனைவியாரும். குன்னூரில் கல்யாணம். பத்தரை மணிக்கு முகூர்த்தம். முதல் நாளே மற்றவர்களெல்லாம் போய் விட்டார்கள். கூறைப் புடவையும் திருமாங்கல்யமும் மட்டும் மாமாவின் பொறுப்பில், மாமியின் மடியில், மஞ்சள் பையில் வந்து கொண்டிருந்தன. மாமா இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். மாமியோ ஒரு கையால் பையை அணைத்தபடி மலையைப் பார்த்துக் கொண்டிருந்தார்.

பர்லியாற்றைத் தாண்டி மரப்பாலம் வருவதற்கு முன், சுமார் எட்டரை மணிக்கு, வண்டிக்குள் ஓர் இனிப்பு வாடை வீசிற்று. பாகு காய்ச்சுவது போன்ற வாடை. "யாரோ வெல்லம் காய்ச்சுகிறார்கள் போலிருக்கிறது!" என்றார் மாமா. டிரைவரின் முகம் மாறியது. யந்திரத்துத் தண்ணீரோடு கலக்கும் 'கூலன்ட்' என்னும் திரவத்தின் வாடை அது. உஷ்ணமானியின் முள் சிவப்புக் கோட்டை எட்டிக் கொண்டிருந்தது. அவர் உடனே குளிர் சாதனத்தை நிறுத்தி விட்டு, ஹீட்டரைத் திருப்பினார். அனல் காற்று எங்கள் எல்லோருடைய முகத்திலும் அடித்தது. "என்னப்பா இது, நம்மை வேக வைக்கிறாயா?" என்று மாமா கூவினார். ஹீட்டர் என்பதும் ஒரு சிறு ரேடியேட்டர்தான். யந்திரத்தின் சூட்டில் கொஞ்சத்தை அது வாங்கிக் கொள்ளும். நாம் வேர்த்தால் யந்திரம் பிழைக்கும்.

சில விநாடிகளில் முள் சரசரவென்று கீழே இறங்கிற்று. "பார்த்தாயா, ஆறி விட்டது! விடு வண்டியை!" என்றார் மாமா, வெற்றி முழக்கத்துடன். டிரைவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வளைவுக்கு முன்பாகச் சாலை சற்று அகன்றிருந்த இடத்தில் ஓரமாக நிறுத்தி, சாவியைத் திருப்பி விட்டார். முள் இறங்கியதற்குக் காரணம் யந்திரம் ஆறியதல்ல. உஷ்ணத்தை அளக்கும் கருவியைச் சுற்றித் தண்ணீரே இல்லாமல் போனதுதான். ஜுரமானியை நோயாளியின் வாயிலிருந்து எடுத்து விட்டு, ஜுரம் இறங்கி விட்டது என்று சொல்வது போன்ற கதை.

இறங்கியதும் அவர் முதலில் செய்த காரியம் பானெட்டைத் திறப்பதல்ல. பின் சக்கரங்களுக்குக் கல் கொடுத்தார். பிறகு இருபதடி கீழே நடந்து போய், பச்சைக் கொப்பு ஒன்றை ஒடித்துச் சாலையில் போட்டு, கீழிருந்து வருகிற வண்டிகளுக்கு எச்சரிக்கை செய்தார். அப்புறந்தான் பானெட்டைத் தூக்கினார். வெண்புகை போல் ஆவி எழுந்தது.

மாமாவின் துடிப்பைச் சொல்லி முடியாது. "இன்னும் பதினைந்து கிலோமீட்டர்தானே! மெல்ல மெல்லப் போய் விடலாம், அப்பா. அங்கே போய் ரிப்பேர் பார்த்துக் கொள்ளேன். ஆயிரம் ரூபாய் அதிகமாகத் தருகிறேன்" என்றார்.

"பதினைஞ்சு கிலோமீட்டர் இல்லீங்க, ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகாதுங்க. போனா வண்டி இருக்கும், என்ஜின் இருக்காதுங்க."

"அப்படியானால் நியூட்ரலில் போட்டு மேட்டுப்பாளையத்துக்கு உருட்டிக் கொண்டு போய், வேறு வண்டி பிடிப்போம்!"

"அது உசிருக்கே ஆபத்துங்க. என்ஜின் ஓடாட்டி பிரேக் கல்லு மாதிரி இறுகிப் போயிருமுங்க. ஸ்டீயரிங்கும் லேசுல திரும்பாதுங்க."

இரண்டும் உண்மை. மோட்டாரின் பிரேக்கை நம் கால் மட்டும் அமுக்குவதில்லை. யந்திரம் ஓடுகையில் உண்டாகும் வெற்றிடமும் சேர்ந்து அமுக்குகிறது. யந்திரம் நின்ற பிறகு இரண்டு மூன்று தடவை மிதித்தால் அந்த உதவி தீர்ந்து விடும். அதற்கப்புறம் ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நிறுத்துவது பகவானின் பொறுப்பு. ஏறும் போது வண்டியைக் கொல்லும் வழி ஒன்று, இறங்கும் போது மனிதர்களைக் கொல்லும் வழி ஒன்று. இரண்டையும் மறுத்து விட்டு அந்த மனிதர் கையைக் கட்டிக் கொண்டு நின்றார். ஆயிரம் ரூபாய் அவருக்குச் சிறு தொகையல்ல.

இந்தச் சர்ச்சை நடக்கும் போதே மாமி பேசாமல் கீழே இறங்கினார். மஞ்சள் பையை மார்போடு அணைத்துக் கொண்டு சாலையோரத்தில் நின்றார். ஐந்து நிமிஷத்துக்கெல்லாம் கீழிருந்து ஓர் அரசாங்க பஸ் முக்கிக் கொண்டு வந்தது. மாமி கையை நீட்டினார். பஸ் நின்றது. "முகூர்த்தம் வண்டிக்காகக் காத்திருக்காது, வாருங்கள்" என்று கணவரிடம் ஒரே வாக்கியம் சொல்லி விட்டு ஏறி விட்டார். மாமாவும் பின்னாலேயே ஓடி ஏறினார். கூறைப் புடவை பத்து மணிக்கு முன்பே கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்று பிற்பாடு அறிந்தோம். நாம் டிரைவருக்குத் துணையாக அங்கேயே தங்கினோம்.

பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. சமுத்திரக் கரையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் 97 டிகிரியிலேயே கொதித்து விடும். ஆனால் ரேடியேட்டரின் மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைத்து, 120 டிகிரி வரையில்கூடக் கொதிக்காமல் பிடித்து வைக்கிறது. சூடாக இருக்கும் போது அந்த மூடியைத் திறந்தால், அடங்கிக் கிடந்த தண்ணீர் ஒரே கணத்தில் கொதித்து, ஆவியோடு சீறி முகத்தை வெந்து போகச் செய்து விடும். சுட்ட இரும்பின் மேல் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினாலோ விரிசல் காணும். ஆகவே முக்கால் மணி நேரம் அதைத் தொடவே இல்லை. அந்த அவகாசத்தில் குரங்குக் கூட்டம் ஒன்று வந்து, மாமா விட்டுப் போன வாழைப் பழச் சீப்பைக் கண் முன்னாலேயே தூக்கிச் சென்றது. எதிர்ச் சரிவில் மரங்களுக்கு மேலே புகை எழுந்தது. மலை ரயில் ஊதிற்று. "அதுவும் தண்ணி குடிக்கத்தாங்க நிக்குது" என்றார் டிரைவர்.

குன்னூரிலிருந்து மெக்கானிக் இளைஞர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். யந்திரத்திலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் கொண்டு போகும் ரப்பர் குழாய், வளைவில் நீளவாட்டில் கிழிந்திருந்தது. பல வருஷம் சூட்டில் வெந்து வெந்து ரப்பர் விறைத்துப் போயிருந்தது. விலை சில நூறு ரூபாய்தான். புதுக் குழாயை மாட்டி, தண்ணீர் நிரப்பி, மூடியைப் போடாமல் யந்திரத்தைக் கிளப்பச் சொன்னார். தண்ணீரில் குமிழி குமிழியாகக் கிளம்பிற்று. நிறுத்தச் சொல்லி விட்டு, எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தார். எண்ணெய் கறுப்பாக, தெளிவாக இருந்தது. மோர் போல் வெளுக்கவில்லை.

"ஹெட் கேஸ்கெட் போயிடுச்சுங்க, அண்ணா. ஆனா ஆயில்ல தண்ணி கலக்கல. கீழ் வேலை பத்திரம். நிறுத்தினீங்களே, அதுதான் காப்பாத்திச்சு" என்றார்.

யந்திரத்தின் அடிப் பாகம் பல வண்டிகளில் வார்ப்பிரும்பு. மேலே மூடி போல் உட்காரும் 'ஹெட்' இந்தக் காலத்துக் கார்களில் பெரும்பாலும் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. இரண்டுக்கும் நடுவே மத்தியஸ்தம் செய்வது கேஸ்கெட் என்னும் மெல்லிய தகடு. அளவு மீறிச் சூடேறினால் ஹெட் வளைந்து, மத்தியஸ்தரின் பாடு திண்டாட்டமாகி விடுகிறது. உள்ளே எரியும் வாயு தண்ணீர்ப் பாதையில் புகுந்து குமிழியாக வெளிவருகிறது. இன்னும் சில நிமிஷம் ஓட்டியிருந்தால் பிஸ்டன்கள் சிலிண்டரோடு இறுகிப் போய், யந்திரமே எடைக்குப் போடும் இரும்பாக ஆகியிருக்கும்.

இழுவை வண்டி வருவதற்குப் பகல் இரண்டு மணியாயிற்று. புறப்படும் போது டிரைவர் மறக்காமல் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். சக்கரத்துக்குக் கொடுத்த கற்களைத் தூக்கிச் சாலைக்கு வெளியே போட்டார், கொப்பையும் அப்புறப்படுத்தினார். மலைப் பாதைகளில் இப்படி விட்டுப் போன கல்லில் மோதி இரவில் விழுந்த இரு சக்கர வண்டிக்காரர்கள் எத்தனையோ பேர். நம் சங்கடம் தீர்ந்ததும் பிறருக்குச் சங்கடத்தை வைத்து விட்டுப் போகாமலிருப்பதும் தேசத் தொண்டுதான்.

வண்டி கோயமுத்தூருக்கு வந்தது. யந்திர வைத்தியத்துக்கு இந்த ஊரைவிடச் சிறந்த ஊர் ஏது? 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை வைத்துத் தொழில் தொடங்கிய ஜி. டி. நாயுடுவின் ஊர் அல்லவா? பம்புகளுக்கும் மோட்டார்களுக்கும் பெயர் போன இந்நகரில், சந்துக்குச் சந்து லேத் பட்டறை உண்டு. அங்கே டிரைவருக்கு முன்னால் நான்கு வழிகள் இருந்தன.

வண்டியை எடைக்குப் போட்டால் நாற்பதினாயிரம் ரூபாய் வரும். ஆனால் மறு நாள் முதல் பிழைப்பு இல்லை. வேறு வண்டியிலிருந்து கழற்றிய பழைய யந்திரத்தைப் பொருத்தலாம். ஆனால் அதன் பூர்வோத்திரம் யாருக்குத் தெரியும்? பதிவுப் புத்தகத்தில் யந்திர எண்ணை மாற்ற வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் நடக்க வேண்டும். முழு யந்திரத்தையும் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மாற்றினால் எழுபதினாயிரம் ஆகும். மேல் வேலையை மட்டும் செய்தால் இருபத்திரண்டாயிரம்.

பட்டறைக்காரர் வயதானவர். அவர் அவசரப்பட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஹெட்டைக் கழற்றி, நேர்ச் சட்டத்தை அதன் மேல் வைத்து, மெல்லிய தகடுகளைச் செருகிப் பார்த்தார். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளைவுகூட இதற்கு அதிகம் என்றார். வளைவு அதைவிடச் சற்றே கூடுதல், சீவினால் சரியாகும். சிலிண்டர்களுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். கோடு கீறல் இல்லை. "கீழே கை வைக்க வேண்டாம். மூணு லட்சம் ஓடின தேய்மானம் இருக்கு, ஆனா வியாதி இல்லை" என்று தீர்ப்புச் சொன்னார். எழுபதினாயிரம் ரூபாய் வேலையை வலியப் பிடித்துக் கொள்ள அவருக்கு நல்ல சந்தர்ப்பம். அதை அவர் விரும்பவில்லை. ஹெட்டைச் சீவி, புது கேஸ்கெட், வாட்டர் பம்பு, தெர்மோஸ்டாட், பெல்ட், எல்லா ரப்பர் குழாய்களும் மாற்றி, ஐந்தாம் நாள் வண்டியைக் கொடுத்தார். அந்த ஐந்து நாளும் டிரைவர் வேறொருவர் வண்டியை இரவு வேளைகளில் ஓட்டினார். கையிலிருந்த பணம் போதாமல் மனைவியின் வளையல் இரண்டு அடகுக் கடைக்குப் போயின.

பழைய வண்டி வைத்திருக்கும் குடும்பங்கள் இதிலிருந்து தெரிந்து கொள்ளக்கூடியவை சில உண்டு. வண்டியின் வயதைவிட ரப்பரின் வயது முக்கியம். குழாய்களையும் பெல்ட்டுகளையும் கிழிவதற்கு முன்பே மாற்றுவது சிக்கனம். மலைக்குப் புறப்படுமுன், யந்திரம் ஆறியிருக்கும் காலை வேளையில் தண்ணீர் அளவையும் எண்ணெய் அளவையும் பார்க்க வேண்டும். அடிக்கடி தண்ணீர் குறைந்தால், ஊற்றி ஊற்றிச் சமாளிக்காமல் அது எங்கே போகிறதென்று கண்டுபிடிக்க வேண்டும். ஏற்றத்தில் தாழ்ந்த கியரில் போனால் பம்பு வேகமாகச் சுழன்று தண்ணீர் நன்றாக ஓடும். முள் சிவப்பை எட்டினால், எவ்வளவு அவசரமானாலும், பத்திரமான இடம் பார்த்து உடனே நிறுத்த வேண்டும். யந்திரம் செத்த பிறகு முழுப் பிரேத பரிசோதனை செய்வதைவிட, ஜுரம் கண்டவுடன் படுக்கப் போடுவது மேல்.

நீலகிரி ரயிலின் பழைய என்ஜின்களும் ஒரு காலத்தில் ஸ்விட்ஸர்லாந்து தேசத்திலிருந்து வந்தவைதான். திருச்சிப் பொன்மலைப் பணிமனையில் நம் தொழிலாளிகள் அவற்றைப் பிரித்தும் கோத்தும் பல்லாண்டுகள் ஓட வைத்தார்கள். பின்னர் புதியவற்றையும் தாங்களே செய்தார்கள். பொன்மலையின் பெரிய கூடாரத்தில் நடப்பதும், கோயமுத்தூர்ச் சந்துப் பட்டறையில் நடப்பதும் ஒரே வித்தைதான்: எதைத் தூக்கி எறிய வேண்டும், எதைக் காப்பாற்றலாம் என்று கையால் தடவிப் பார்த்துத் தெரிந்து கொள்ளும் வித்தை.

அந்தக் கார் 2024-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் 3,84,000 கிலோமீட்டரைக் கடந்தது. டிரைவர் மறக்காமல் நமக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னார். "சந்திரனைத் தாண்டியாச்சுங்க. வளையலையும் மீட்டாச்சுங்க. பொண்ணுக்கு இன்னும் ஒரு பரீட்சைதான் பாக்கி" என்றார்.